தேடியது கிடைக்காவிட்டால்?

நம் வீட்டுப் பிள்ளைகள் சி.பி.எஸ்.இ. 11, 12-ஆம் வகுப்புகளிலேயே பைத்தான் கற்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராஸம் 1991-இல் வெளியிட்ட கணிப்பொறி மொழி அது. கொஞ்சம் முன்னேறியதும் அவர்கள் தடுமாறும் ஓர் இடத்தை, இத்துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் இங்கே விளக்குகிறேன்.

நீண்ட வாசகத்தில் வேண்டிய பகுதியைத் தேடி எடுக்க ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்ற வசதி உண்டு. சங்க உறுப்பினர் முகவரிகளிலிருந்து பின்கோடை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘அடுத்தடுத்து ஆறு இலக்கங்கள்’ என்று தேடச் சொல்கிறோம். ‘மாட்டுங்கா, மும்பை 400019’ என்றிருந்தால் கிடைக்கும். அதையே ஒருவர் ‘400 019’ என்று இடம்விட்டு எழுதியிருந்தால் கிடைக்காது.

அப்போது பைத்தான் ‘பிழை’ என்று சொல்வதில்லை. ‘நன்’, அதாவது ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பைத் தருகிறது. அந்த ஒன்றுமில்லாததிடம் போய் ‘குரூப்’ என்று எண்ணைக் கேட்கும்போதுதான் ‘அட்ரிபியூட் எரர்’ வந்து புரோகிராம் நின்றுவிடுகிறது.

ஆகவே, விடையை முதலில் ஒரு பெயரில் வாங்கி வையுங்கள். ‘இஃப்’ போட்டு, அது ‘நன்’ இல்லை என்றால் மட்டும் எண்ணை எடுங்கள். ‘எல்ஸ்’ பகுதியில், பொருந்தாத முகவரியைத் தனிப் பட்டியலில் சேருங்கள். அதைப் படித்தாலே, நடுவில் இடைவெளி இருக்கலாம் என்று தேடலைத் திருத்த வேண்டியது புரியும். சிலர் ‘டிரை, எக்ஸெப்ட், பாஸ்’ என்று எழுதிப் பேசாமல் தாண்டிவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. ஒரு குடும்பத்துக்குப் பொங்கல் விழா அழைப்பு போகாது. ஏன் போகவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது.

இன்னும் இரண்டு விஷயங்கள். ‘மேட்ச்’ வாசகத்தின் தொடக்கத்தில் மட்டுமே பார்க்கும். முகவரியின் கடைசியிலுள்ள எண்ணுக்கு ‘சர்ச்’ வேண்டும். ‘ஃபைண்ட்ஆல்’ போட்டால் ‘நன்’ வராது, வெற்றுப் பட்டியல்தான் வரும்.

தமிழில் தேடுவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். எழுத்தைக் குறிக்கும் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’, பைத்தானுடன் வரும் தேடல் வசதியில் நம் கொம்பு, சுழி, புள்ளிகளை எழுத்தாக ஏற்பதில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லையே ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடைத்துவிடும். முழுச்சொல்லும் பொருந்துகிறதா என்று ‘ஃபுல்மேட்ச்’ மூலம் கேட்டால் விடை ‘நன்’. அங்கே யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய எல்லையைக் குறிப்பிட்டுத் தேட வேண்டும். தமிழில் பெயரெழுதிய உறுப்பினரிடம் ‘பெயர் தவறு’ என்று படிவத்தைத் திருப்பி அனுப்புமுன், பிள்ளைகள் இதைச் சோதித்துப் பார்க்கட்டும்.