வாலில் ஒரு சேமிப்புக் கணக்கு

செம்மறியாட்டின் வாலுக்கு வண்டி கட்டுவார்களா? கட்டினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அரேபியாவில் ஒருவகை ஆட்டின் வால் மூன்று முழத்துக்குக் குறையாதாம். அது தரையில் உரசிப் புண்ணாகாமலிருக்க, மேய்ப்பர்கள் சின்ன வண்டி செய்து வாலுக்கு அடியில் கட்டிவிடுவார்களாம். வண்டியை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கொழுத்த வால் மட்டும் உண்மை.

இன்று உலகின் செம்மறியாடுகளில் ஏறக்குறைய கால்பங்கு கொழுப்புவால் இனங்கள்தாம். மத்தியக் கிழக்கின் அவாசி ஆடு அவற்றுள் ஒன்று. புல் செழிக்கும் மாதங்களில் தின்றது வாலில் கொழுப்பாகச் சேரும்; வறட்சியில் அது கரைந்து ஆட்டைக் காப்பாற்றும். ஒட்டகத்தின் திமில் செய்யும் அதே வேலை. சில இனங்களில் வால் மட்டுமே 10 கிலோவைத் தாண்டும். மேய்ப்பர் வீட்டில் அதுவே சமையல் கொழுப்பு.

ஆனால் செம்மறியின் மூதாதையான காட்டு மூஃப்லானுக்கு இருப்பது குட்டையான மெல்லிய வால். அப்படியானால் இந்தக் கொழுப்பு எப்போது வந்தது? மனிதன் ஆட்டைப் பழக்கிய பிறகுதான். சுமார் 5000 ஆண்டுகளுக்கு முந்தைய மெசொப்பொத்தேமியக் கலைப்பொருளிலேயே கொழுப்புவால் ஆட்டைப் பார்க்கலாம்.

இருவகை ஆடுகளின் மரபணுத் தொகுதியையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, 15ஆம் குரோமோசோமில் பி.டி.ஜி.எஃப்.டி. என்ற மரபணுவை ஒட்டிய பகுதியில் பெரிய வேறுபாடு தெரிந்தது. கொழுப்பு அணுக்கள் உருவாவதில் அந்த மரபணுவுக்குப் பங்குண்டு. பி.எம்.பி.2 என்ற இன்னொன்றும் பல ஆய்வுகளில் தலைகாட்டுகிறது. உயரம், எடை போல இதுவும் ஒரே மரபணுவின் கைவண்ணம் அல்ல.

சிக்கல் இப்போதுதான். நகரத்து வாடிக்கையாளர் கொழுப்பில்லாத இறைச்சி கேட்கிறார். ஒரு கிலோ கொழுப்பு சேர, ஒரு கிலோ சதைக்கு வேண்டியதைவிட அதிகத் தீவனம் செலவாகிறது. கனத்த வால் இனச்சேர்க்கைக்கும் இடைஞ்சல். அதனால் மெல்லியவால் இனங்களுடன் கலப்புச் செய்து வாலைச் சிறிதாக்குகிறார்கள். கொட்டிலில் தீவனம் போட்டு வளர்ப்பவருக்கு இது இலாபம்தான்.

நம் நாட்டு மாலின் ஆட்டுக்கும் வால் மெல்லியதே. ஆண்டு முழுதும் புல் கிடைக்கும் மண்ணில் அதற்குக் குறையொன்றுமில்லை. ஆனால் பாலைநிலத்து மேய்ப்பர் சந்தையை நம்பிக் கலப்பினக் குட்டிகளை வாங்கி, அடுத்த இரண்டு ஆண்டு மழை பொய்த்தால், அந்தக் குட்டிகள் எதைக் கரைத்து உயிர் வாழும்?