எழுபது பேருக்கான தேர்வு: வயலின் கலைஞர் ஹூபர்மன் பற்றிச் சில குறிப்புகள்

ஹூபர்மன் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது ஒரு திருட்டுக் கதை. 1936 பிப்ரவரி 28, நியூயார்க்கின் கார்னகி ஹால். போலந்தைச் சேர்ந்த வயலின் கலைஞர் புரோனிஸ்வாவ் ஹூபர்மன் மேடையில் குவர்னெரி வயலினை வாசித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய இன்னொரு வயலின், 1713-ல் செய்யப்பட்ட ஸ்ட்ராடிவேரியஸ், மேடைக்குப் பின்னால் அறையில் இருக்கிறது. கச்சேரி முடிவதற்குள் அது காணாமல் போய்விட்டது. பக்கத்து ரெஸ்டாரண்டில் வாசித்துக்கொண்டிருந்த ஜூலியன் ஆல்ட்மன் என்ற இளைஞரிடம் அது போய்ச் சேர்ந்தது. அவர் ஷூ பாலிஷ் பூசி அதன் நிறத்தை மறைத்து, ஏறக்குறைய ஐம்பது வருஷம் அதிலேயே வாசித்துப் பிழைத்தார். 1985-ல் சாகும் தறுவாயில் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். 2001 முதல் அது ஜோஷுவா பெல் கையில் இருக்கிறது.

நல்ல கதைதான், சினிமாவுக்கே ஆகும். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஹூபர்மன் அமெரிக்காவில் கச்சேரி மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. போன இடமெல்லாம் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். எதற்காக என்பதுதான் எனக்கு வயலின் திருட்டை விடப் பெரிய கதையாகப் படுகிறது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். 1882-ல் போலந்தின் செஸ்டொஹோவாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பால மேதை. பதின்மூன்று வயதில் வியன்னாவில் பிரம்ஸின் கான்செர்ட்டோவை பிரம்ஸ் முன்னாலேயே வாசித்தவர். கிழவர் கலங்கிப்போனார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கச்சேரிகள். வாசிப்பு மட்டும் எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. 1928-ல் பெர்லினில் பதிவான அவருடைய சைக்கோவ்ஸ்கி கான்செர்ட்டோ யூடியூபில் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். ஹைஃபெட்ஸின் வழவழப்புக்குப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் முரடாகத் தெரியும். வில் அழுந்துகிறது, கரகரக்கிறது, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் வழுக்கிக்கொண்டே போகிறது. கர்நாடக வயலினில் ஜாரு கேட்டு வளர்ந்த எனக்கு அந்த வழுக்கல் உறுத்தவே இல்லை. அந்தப் பதிவில் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் ஸ்டைன்பெர்க். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு இவர் செய்தது விசித்திரமான காரியம். புகழின் உச்சியில் இருக்கும்போது கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டு பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் போய் உட்கார்ந்து படித்தார். எல்லைகள் இல்லாத ஒன்றுபட்ட ஐரோப்பா வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசினார், புத்தகமும் எழுதினார். 'வயலின்காரருக்கு ஏன் இந்த வேலை' என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணியிலிருந்து யூதர்களை நீக்கும் சட்டம். ஜெர்மனியில் பெரும்பாலான ஆர்க்கெஸ்ட்ராக்கள் அரசு அல்லது நகராட்சிப் பணத்தில் நடந்தவை. அதனால் முதல் வரிசையில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரே நாளில் வேலையில்லாதவர்கள் ஆனார்கள். அதே வருஷம் நடத்துநர் ஃபுர்ட்வெங்லர், தன்னோடு பெர்லினில் வாசிக்க வரும்படி ஹூபர்மனை அழைத்தார். ஹூபர்மன் போன்ற நட்சத்திரத்துக்கு விலக்குக் கொடுக்க ஆட்சியும் தயாராகத்தான் இருந்தது. அவர் மறுத்தார், காரணங்களைக் கடிதமாக எழுதிப் பகிரங்கமாக்கினார். தனக்கு மட்டும் கிடைக்கும் விலக்கு அவருக்குத் தேவைப்படவில்லை.

பிறகுதான் அந்த யோசனை வருகிறது: வேலை இழந்தவர்களைச் சேர்த்து, அப்போது பிரிட்டிஷ் ஆளுகையில் இருந்த பாலஸ்தீனத்தில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா. சும்மா ஒரு நிவாரண முகாம் மாதிரி இல்லை. ஐரோப்பாவின் எந்த ஆர்க்கெஸ்ட்ராவோடும் தோளோடு தோள் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

இந்தப் பிடிவாதத்தைத்தான் நான் பல நாள் யோசித்தேன். ஐரோப்பாவின் பல ஊர்களில் தேர்வு நடந்தது. ஒருவர் வந்து வயலினோ செல்லோவோ கிளாரினெட்டோ வாசிக்கிறார். தேறினால் வேலை. வேலை இருந்தால் பிரிட்டிஷ் அரசு எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த குடியேற்றச் சான்று கிடைக்க வழி உண்டு, மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்து. தேறாவிட்டால் ஊரிலேயே இருக்க வேண்டியதுதான். 1936-ல் அந்த அறையில் இருந்த யாருக்கும் இதன் முழு அர்த்தம் தெரிந்திருக்க முடியாது. நமக்குத் தெரியும். சுமாராக வாசித்தவரையும் சேர்த்துக்கொண்டிருக்கலாமே என்று நாம் இன்று சுலபமாகக் கேட்கலாம். ஆனால் தரம் குறைந்திருந்தால் டொஸ்கனினி வந்திருப்பாரா, பணம் கொடுத்தவர்கள் கொடுத்திருப்பார்களா, சான்றுகளுக்காக வாதாட ஹூபர்மனிடம் என்ன இருந்திருக்கும்? காப்பாற்றியதும் அந்தக் கண்டிப்புதான், கைவிட்டதும் அதுவேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

நடுவில் தடங்கல்களுக்குக் குறைவில்லை. 1936 ஏப்ரலில் பாலஸ்தீனத்தில் அரபு மக்களின் கிளர்ச்சி வெடித்தது. யூதக் குடியேற்றம் அந்தக் கிளர்ச்சியின் முக்கியக் காரணங்களில் ஒன்று, அதை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. சான்றுகள் இழுபறியாயின, தொடக்க விழா தள்ளிப்போனது. அமெரிக்காவில் நிதி திரட்ட ஐன்ஸ்டைன் துணைக்கு வந்தார். ஆர்க்கெஸ்ட்ராவைப் பழக்கித் தயார் செய்ய வந்தவர், மேலே சொன்ன அதே ஸ்டைன்பெர்க். அவரும் ஜெர்மனியில் பதவி பறிக்கப்பட்டவர்தான்.

1936 டிசம்பர் 26 அன்று டெல் அவிவில், கண்காட்சிக் கூடமாக இருந்த ஒரு கட்டடத்தில் முதல் கச்சேரி. நடத்தியவர் அர்த்துரோ டொஸ்கனினி. முசோலினிக்குத் தலைவணங்க மறுத்த மனிதர், இந்தக் கச்சேரிக்கு ஒரு காசு வாங்கவில்லை. நிகழ்ச்சியில் பிரம்ஸ், ஷூபர்ட் இவர்களோடு மெண்டெல்சோனும் இருந்தார். யூதராகப் பிறந்தவர் என்பதால் அவர் இசையை ஜெர்மனியில் ஒதுக்கியிருந்தார்கள். ஹூபர்மன் அன்று வாசிக்கவே இல்லை. அடுத்த சில நாட்களில் ஜெருசலேம், ஹைஃபா என்று போய், 1937 ஜனவரியில் எகிப்துக்கும் போய் கெய்ரோவிலும் அலெக்ஸாண்ட்ரியாவிலும் வாசித்தார்கள்.

ஏறக்குறைய எழுபது கலைஞர்கள். குடும்பங்களையும் சேர்த்தால் இந்த ஏற்பாட்டால் தப்பியவர்கள் ஆயிரம் பேர் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

1937 அக்டோபரில் சுமத்ராவில் ஹூபர்மன் சென்ற விமானம் விழுந்தது. இடது மணிக்கட்டு முறிந்தது, விரல்களும் முறிந்தன. வயலின்காரருக்கு இடது கை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷமே மறுபடி மேடையேறி, தான் உண்டாக்கிய ஆர்க்கெஸ்ட்ராவோடும் வாசித்தார். போர்க் காலத்தை அமெரிக்காவில் கழித்துவிட்டுத் திரும்பியவர், 1947 ஜூனில் சுவிட்சர்லாந்தில் இறந்தார். 1948-க்குப் பிறகு அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் பெயர் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக். பிற்பாடு பல பத்தாண்டுகள் அதை நடத்தியவர் நம் மும்பைக்காரர் ஜுபின் மேத்தா. திருட்டுப் போன வயலினைத் திரும்பப் பார்க்காமலே ஹூபர்மன் போய்விட்டார். இதற்கு முன்பு 1919-ல் வியன்னாவில் அதே வயலின் திருடப்பட்டு, அந்த முறை சில நாட்களில் கிடைத்திருந்தது.