குளிர்கால இரவுகளுக்கு இரண்டு நூல்கள்

டிசம்பர் பிற்பகுதியில் ஐஸ்லாந்துத் தலைநகர் ரேக்யவிக்கில் பகல்பொழுது ஏறத்தாழ நான்கு மணி நேரமே நீடிக்கிறது. எஞ்சிய நீண்ட இருளை அந்நாட்டு மக்கள் இரண்டு நூல்களின் துணையுடன் கழிக்கின்றனர். ஒன்று படிக்கும் நூல். மற்றொன்று பின்னும் கம்பளி நூல்.

முற்காலத்தில் பண்ணை வீடுகளில் குளிர்கால மாலைவேளை 'க்வோல்ட்வாக்கா' எனப்பட்டது. வீட்டார் அனைவரும் ஒரே அறையில் கூடுவர். ஒருவர் பழங்கதைகளை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்டபடியே கம்பளி நூற்பார்கள், பின்னுவார்கள். கை வேலையும் நடந்தது. பிள்ளைகள் காதில் மொழியும் ஏறியது.

ஐஸ்லாந்து ஆட்டின் உரோமம் இரண்டு அடுக்குகள் கொண்டது. வெளி அடுக்கு ஈரத்தைத் தடுக்கும். உள் அடுக்கு உடல் சூட்டைக் காக்கும். தோளைச் சுற்றி வட்ட வேலைப்பாடு கொண்ட 'லோபாபெய்சா' என்னும் கம்பளிச் சட்டை இந்த உரோமத்தில்தான் பின்னப்படுகிறது. அச்சட்டை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலானது.

புத்தகப் பரிசும் ஏறக்குறைய அதே காலத்தில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மற்றப் பரிசுப் பொருள்கள் அரிதாயின. காகிதம் ஓரளவு கிடைத்ததால் புத்தகமே கிறிஸ்துமஸ் பரிசானது. டிசம்பர் 24 மாலை பரிசைப் பிரித்து, அன்றிரவே படிக்கத் தொடங்குவோர் பலர். ஆண்டிறுதியில் புதுப் புத்தகங்கள் குவிவதை 'கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம்' என்று அங்கு அழைக்கின்றனர்.

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 400,000 மட்டுமே. அங்குள்ள பதிப்பாளர்களுக்கு இந்த ஆண்டிறுதி விற்பனைதான் உயிர்நாடி. சிறிய மொழி ஒன்றில் ஆண்டுதோறும் புதிய எழுத்து பிறப்பதற்கு, உறவினருக்கு ஒரு புத்தகம் வாங்கித் தரும் எளிய பழக்கமே கைகொடுக்கிறது.