ஒரு விமானத்துக்கு மொய்

ஹெப்பகோடியில் நம்மவர்களுக்கு வசூல் என்பது புதிய விஷயமில்லை. லேத்தில் கை அடிபட்டவருக்கு, ஆட்டோ எரிந்துபோனவருக்கு, காலேஜ் பீஸ் கட்ட முடியாத பெண்ணுக்கு என்று எத்தனையோ முறை நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் படியேறியிருக்கிறோம். ஆனால் ஒரு கோடை மழைக்குப் பிறகு வந்த வேண்டுகோள் எங்கள் எல்லாரையும் ஒரு நிமிடம் விழிக்க வைத்தது. "ஒரு ஏரோப்ளேனை ரிப்பேர் பார்க்க வேண்டும், உதவுவீர்களா?"

கேட்டவர் எங்கள் தெருவில் மெஸ் நடத்தும் அம்மாளின் மகன். தொழிற்சாலை வேலை, விடுமுறை நாளில் பறப்பு. அவரும் இரண்டு நண்பர்களும் சேமிப்பைப் போட்டு, இரண்டு பேர் உட்காரும் பழைய சிறு விமானம் ஒன்றைப் பங்காக வாங்கியிருந்தார்கள். இரவில் அடித்த சூறைக்காற்றில் கட்டியிருந்த கயிறு அறுந்து, நின்ற இடத்திலேயே விமானம் கவிழ்ந்துவிட்டது. இன்ஷூரன்ஸோ, விமானத்தால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும். பறக்கும் நண்பர்கள் ஏற்கெனவே பணம் திரட்டத் தொடங்கியிருந்தார்கள். நம்மையும் கேட்டார்கள்.

"விமானம் வைத்திருக்கிறவனுக்கு நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மறுநாள் காலை அந்த அம்மாள் என்னிடம் வந்து, "அண்ணே, ஊரில் இருக்கிற வீட்டை அடமானம் வைத்தால் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டபோது விஷயம் வேறாகிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்பதால் கணக்குப் பார்க்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை, பிற ஊர்களில் வசூலுக்கு இறங்கும் நம் அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை

1930-ஆம் ஆண்டு. ஆகா கான் ஒரு பரிசு அறிவித்திருந்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக, ஒரு மாதத்துக்குள் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன். மூன்று பேர் முயன்றார்கள். மன்மோகன் சிங்குக்கு அந்த ஒரு மாதக் கெடு தாண்டிவிட்டது. மற்ற இருவர் ஆஸ்பி இஞ்சினியரும் ஜே.ஆர்.டி. டாடாவும். ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்துகொண்டிருந்தார். டாடா கராச்சியிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தார். எகிப்தில் அபூகிர் விமானத் தளத்தில் டாடா இறங்கியபோது, நல்ல ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி அங்கே முடங்கிக் கிடந்தார். டாடா தம்மிடமிருந்த உபரி பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி கிளம்பினார். டாடா லண்டன் சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பாகக் கராச்சியில் இறங்கிப் பரிசையும் பெற்றுக்கொண்டார்.

அப்போது ஆஸ்பிக்கு வயது பதினேழு. பின்னாளில் விமானப் படையில் சேர்ந்து, 1960 முதல் 1964 வரை அதன் தலைமைத் தளபதியாக இருந்தார். டாடா 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அங்கிருந்து அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட்.

போட்டியாளனுக்கே கொடுத்தார் என்பதைத்தான் எல்லாரும் வியந்து சொல்வார்கள். ஒரு மெக்கானிக்கின் கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது. டாடா "எவ்வளவு வேண்டும்?" என்று பணத்தை நீட்டவில்லை. எது இல்லையோ அதை, அந்த இஞ்சினுக்குப் பொருந்துவதை, அந்த நேரத்தில் கொடுத்தார். உதவி என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

விமான ரிப்பேர் ஏன் வேறு மாதிரி?

காருக்கு அடிபட்டால் தெரிந்த மெக்கானிக் தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிடுவார். விமானத்தில் அது நடக்காது. பறக்கும்போதோ தரையிறங்கும்போதோ நேர்ந்த விபத்தானால், முதலில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கென 2012-ல் அமைக்கப்பட்ட விமான விபத்து விசாரணைப் பிரிவு இருக்கிறது; அனுமதி வரும்வரை சிதைவைத் தொடக்கூடாது. நம் தம்பியின் விமானம் நின்ற இடத்தில் கவிழ்ந்ததால் அந்தத் தாமதம் நேரவில்லை.

அடுத்தது இஞ்சின். ஓடிக்கொண்டிருக்கும்போது முன்விசிறி தரையில் அடித்தால், அந்த அதிர்ச்சி உள்ளே இருக்கும் கிராங்க் ஷாஃப்ட் வரை போகும். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் இஞ்சினைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். நல்லவேளை, இங்கே இஞ்சின் ஓடவில்லை. முன்விசிறி உடைந்தது, இஞ்சின் தப்பியது.

பெரிய கவலை இறக்கைதான். மேலே தகடு சற்றுச் சுருங்கியிருக்கும். அதைப் பிரித்தால்தான் உள்ளே முதுகெலும்பு போல ஓடும் உத்திரத்துக்குச் சேதம் உண்டா என்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. சிவப்புச் சாயத்தைத் தடவி ஊற விட்டுத் துடைத்துவிடுவோம். பிறகு வெள்ளைப் பொடியைத் தூவினால், விரிசலில் தங்கிய சாயத்தை அது வெளியே இழுக்கும். வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தால் அந்த உறுப்பு உதவாது.

புதிய உறுப்பு வாங்குவதிலும் கட்டுப்பாடு உண்டு. தகுதிச் சான்றிதழ் இல்லாத சாமானைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் மாட்டக்கூடாது. கடைசியில் அதற்குரிய அதிகாரம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் பறக்கலாம். தன் பெயரை அடகு வைப்பது போன்ற கையெழுத்து அது. அதனால் யாரும் அவசரப்படுத்தக்கூடாது, தயவு தாட்சண்யமும் கேட்கக்கூடாது.

இந்த வேலைக்குப் பெங்களூர் பழகிய ஊர்தான். 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்த இடம். நம்மவர் வீடுகளில் அப்பாவோ மாமாவோ அங்கே ரிவெட் அடித்தவராக இருக்கக்கூடும். "விமானத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்ட நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

வசூலை எப்படி நடத்தினோம்

ஒன்று: முழுத் தொகை என்று எதையும் முதலில் அறிவிக்கவில்லை. பிரித்துப் பார்க்கும் செலவுக்கு மட்டும் முதல் வசூல். சேதம் தெரிந்த பிறகே இரண்டாவது வசூல். பிரித்த பிறகு செலவு கூடும் என்பதை முன்பே சொல்லிவிட்டதால், "இன்னுமா?" என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

இரண்டு: தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. பணத்தை யார் கையிலும் கொடுக்காமல் பட்டறையின் பில்லுக்கு நேராகக் கட்டினோம். இதில் தம்பிக்கும் நிம்மதி. ஊர் வாய்க்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று: விமானம் தேறாது என்று பொறியாளர் சொல்லிவிட்டால் மிச்சப் பணம் என்ன ஆகும் என்பதை முதல் ரூபாய் வாங்கும் முன்பே எழுதி வைத்தோம். கொடுத்தவர் விரும்பினால் திருப்பித் தருவது, இல்லையேல் அடுத்த உதவிக்கு வைப்பது.

நான்கு: யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைப் பலகையில் ஒட்டவில்லை. பத்து ரூபாய் கொடுத்தவர் பத்தாயிரம் கொடுத்தவர் முன் கூச வேண்டியதில்லை.

ஐந்து: சட்டம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஓர் ஆண்டில் பெறும் பணக்கொடை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். ஆகவே ஆடிட்டரை முதலிலேயே கேட்பது நல்லது. வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் அனுப்புவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வேறு. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் சங்கத்துக்கு அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம் உரிய அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

மொய்யா, தர்மமா?

எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது தம்பியைச் சம்மதிக்க வைப்பதுதான். நண்பர்கள் கேட்கட்டும் என்று விட்டவர், தொகை சேரத் தொடங்கியதும் தயங்கினார். "தர்மம் வாங்கிப் பறக்க வேண்டுமா சார்?" என்றார். அப்போது எங்கள் கூட்டத்திலிருந்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் மொய் விருந்தை நினைவுபடுத்தினார். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, விருந்து வைத்து, வந்தவர்கள் எழுதும் மொய்யை நோட்டில் குறித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர் உண்டு, கடை வைத்தவர் உண்டு. பின்னால் அவரவர் வீட்டு விருந்தில் கூடவே சேர்த்து அதைத் திருப்பி எழுத வேண்டும். "தம்பி, இதை மொய் என்று வைத்துக்கொள். கொடுத்தவனிடமே திருப்ப வேண்டாம், அடுத்து விழுகிறவனுக்கு எழுது" என்றார் அவர். தம்பி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையாட்டினார்.

உத்திரத்தில் சிவப்புக் கோடு விழவில்லை. முன்விசிறி, இறக்கையின் நுனி, சில தகடுகள், வால் பகுதி. வேலை முடியப் பல மாதங்கள் ஆயின. பொறியாளர் கையெழுத்துப் போட்ட அன்று அம்மாள் மெஸ்ஸில் எல்லாருக்கும் கேசரி. ஊர் வீட்டுப் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை.

அதன் பிறகு எங்கள் பகுதியில் ஓர் ஆட்டோவை லாரி இடித்து நொறுக்கியது. வசூல் நோட்டைத் திறந்தபோது முதல் வரியில் ஏற்கெனவே ஒரு பெயர் எழுதியிருந்தது. கூடவே தம்பி ஒரு தாளும் கொண்டுவந்திருந்தார்: அந்த ஆட்டோவுக்கு எந்தெந்தச் சாமான் வேண்டும், எங்கே கிடைக்கும், என்ன விலை என்று பட்டறையில் விசாரித்து எழுதிய பட்டியல். "முதலில் பிரித்துப் பார்க்கட்டும் சார், தொகையை அப்புறம் சொல்லலாம்" என்றார். முன்பு கேள்வி கேட்ட நண்பர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, இரண்டாவது வரியில் தம் பெயரை எழுதினார்.