வாழையிலைக்கு உணவூட்டல்

அந்தமானில் தமிழர் வீடுகள் பலவற்றின் கிணற்றடியில் வாழை நிற்கும். மழைக்காலத்தில் அதன் இலைகளை உற்று நோக்குங்கள். முதலில் மெல்லிய மஞ்சள் கோடுகள் தோன்றும். பின்பு அவை பழுப்புப் புள்ளிகளாக விரியும். நடுவில் சாம்பல் நிறம் படர்ந்து இலை உலரும். இதுவே சிகடோகா இலைப்புள்ளி நோய். இதனை உண்டாக்குவது ஒரு பூஞ்சை. பிஜித் தீவின் சிகடோகா பள்ளத்தாக்கில் 1912ஆம் ஆண்டளவில் வாழைகளை வாட்டியதால் இந்நோய் அப்பெயர் பெற்றது. நம் முன்னோரைப் போலவே கடல் கடந்த தமிழர் அத்தீவிலும் வாழ்கின்றனர்.

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈரம் பூஞ்சையை வளர்க்கிறது. மழைநீரோ மண்ணிலுள்ள சாம்பல்சத்தைக் கரைத்துச் செல்கிறது. ஆகவே நோயும் பசியும் ஒருங்கே வாழையை வருத்துகின்றன. முதிர்ந்த இலைகளின் விளிம்பு மஞ்சளித்துக் கருகினால், அது பெரும்பாலும் சாம்பல்சத்துக் குறைவின் அடையாளம். இலைப்பரப்பில் கோடும் புள்ளியும் சிதறிக் கிடந்தால் அது நோய். இவ்வேறுபாட்டை அறியாமல் மருந்து தெளிப்பது வீண் செலவு.

வேர் மட்டுமன்றி இலையும் உணவை ஏற்கும். துத்தநாகம், போரான் முதலிய நுண்ணூட்டங்கள் மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படுவதால், அவற்றை நீரில் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதற்கெனவே 'வாழை ஸ்பெஷல்' என்னும் கலவையை உருவாக்கியுள்ளது. இத்தகைய கரைசலில் எலுமிச்சைச் சாற்றையும் சிறிது ஷாம்பூவையும் சேர்ப்பதுண்டு. கேட்பதற்கு வேடிக்கையாக இருப்பினும் அதில் காரணம் உண்டு. எலுமிச்சையின் புளிப்பு, சத்துகள் நீரின் அடியில் படியாமல் காக்கிறது. மெழுகு பூசியது போன்ற வாழையிலையில் நீர் உருண்டோடிவிடும். ஷாம்பூ அதனைப் பரவச் செய்கிறது.

ஆயினும் தெளிப்புணவு பூஞ்சையைக் கொல்லாது. நன்கு உண்ட வாழை புதிய இலைகளை விரைந்து விட்டு, இழந்தவற்றை ஈடுசெய்யும், அவ்வளவே. சாம்பல்சத்து மிகுதியாகத் தேவைப்படுவதால் அதனைப் பெரும்பாலும் மண்ணிலேயே இடவேண்டும். நோயுற்ற இலைப்பகுதியை அறுத்து அகற்றுவதும், தேங்கிய நீரை வடிப்பதும் முதற்கடமை. நோய் முற்றினால் வேளாண் அலுவலரைக் கேட்டுப் பெரியவர்கள் பூஞ்சைக்கொல்லி தெளிப்பர்.

தெளிப்பதற்குக் காலையும் மாலையும் ஏற்றவை. வானம் கருத்திருந்தால் அன்று தெளிக்க வேண்டா; இலை உண்ணுமுன் மழை கழுவிவிடும்.