கண்கூடு: புலிமான்கோம்பை நடுகல்லை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

ஆய்வுக் கட்டுரைகளில் ‘என்பது கண்கூடு’ என்னும் முடிப்பு பெருவழக்காக உள்ளது. ஐயத்துக்கு இடமில்லை என்னும் அளவில் அது ஆளப்படுகிறது. சொல்லின் அமைப்போ அதனினும் குறுகிய பொருளையே தருகிறது. வேறொன்றின் துணையின்றிக் கண்ணொடு நேரே கூடியது எதுவோ அதுவே கண்கூடு. அளவை நூலார் காண்டல், கருதல், உரை எனப் பகுத்தவற்றுள் இது காண்டலின்பாற்படும். புகை தெரிவது கண்கூடு. அங்குத் தீ உண்டு என்பது கருதல். ‘சால்’ என்னும் அடியிற் பிறந்த ‘சான்று’ நிறைவை உணர்த்தும். கண்கூடு அறிவு வந்த வழியை உணர்த்தும். இரண்டையும் ஒன்றாகக் கொள்வதாலேயே குழப்பம் நேர்கிறது.

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் 2006ஆம் ஆண்டில் தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றில் ‘கல்’, ‘தீயன் அந்தவன்’, ‘கூடல் ஊர்’, ‘ஆகோள்’ என்னும் சொற்கள் படிக்கப்பட்டுள்ளன. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித் துறைகளுள் ஒன்றாக இதனைக் கூறும். இலக்கணத்தார் வகுத்த துறைப்பெயர் என்று மட்டும் எண்ணத்தக்க ஒரு சொல், ஓர் ஆளின் பெயரோடும் ஓர் ஊரின் பெயரோடும் கல்லில் நிற்கிறது. இது கண்கூடு. (அச்சிட்ட வாசிப்பை மட்டும் நம்பி எழுதுவோர்க்கு இதுவும் உரையளவையே.)

அந்தவன் ஆகோளில் இறந்தான் என்பது அவ்வாறன்று. இறப்பைச் சுட்டும் வினை கல்லில் இல்லை. நடுகல் மரபு கொண்டு அது கருதப்படுகிறது. அவன் கூடலூரைத் தாக்கச் சென்றவனா, கூடலூர் நிரையைக் காத்து நின்றவனா என்பதையும் கல் வெளிப்படையாகக் கூறவில்லை. அக்கூடலூரைக் கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய கூடலூராகக் கொள்வதும் பெயரொப்புமையாற் பெறப்படுவதே. காலமும் அப்படித்தான். கல்லில் ஆண்டு இல்லை. எழுத்தமைதியை நோக்கியே அது கி.மு. நூற்றாண்டுகளில் வைக்கப்படுகிறது.

கருதல் வலுவற்றது என்பது இதன் பொருளன்று. கல்வெட்டாய்வின் பெரும்பகுதி அதனாலேயே நடைபெறுகிறது. ஆயினும் கருதலுக்கு மறுப்பு எழலாம், புதிய தரவால் அது திருத்தம் பெறலாம். கண்கூடு என்று எழுதிவிட்டால் அவ்வழி அடைபடுகிறது. ‘ஆகோள் என்னும் சொல் இக்கல்லில் உள்ளமை கண்கூடு’ என்பது பொருந்தும். ‘இக்கல் சங்ககாலத்துக்கு முந்தியது என்பது கண்கூடு’ என்பது பொருந்தாது. அவ்விடத்தில் ‘எழுத்தமைதியாற் பெறப்படும்’ என்று எழுதுதலே முறை.