உஷார்! முதலில் சேவ், பிறகுதான் சாகசம்

நண்பருக்கோ, மாணவிக்கோ, ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரருக்கோ டிட்லிவிக்கியைக் கற்றுக்கொடுக்கக் கிளம்பிவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கஷ்டமாக இருக்கிறது என்று அவர் அதைக் கைவிடப்போவதில்லை. முதல் வாரத்திலேயே, மாங்கு மாங்கென்று எழுதிய குறிப்பு ஒன்று காணாமல் போகும். அதற்கப்புறம் நீங்கள் தலைகீழாக நின்றாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். அந்தக் குறிப்பு காணாமல் போனதற்கு, பத்துக்கு ஒன்பது தடவை, கற்றுக்கொடுத்த ஆசாமிதான் பொறுப்பு.

பெயரே கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜெரமி ரஸ்டன் என்ற பிரிட்டிஷ்காரர் 2004-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. முழுக்கத் திருப்பி எழுதப்பட்ட ஐந்தாம் பதிப்பு 2014-இல் சோதனைக் கட்டத்தைத் தாண்டி வந்தது. மொத்தமும் ஒரே ஒரு ஹெச்.டி.எம்.எல். ஃபைல். நிரல், தேடல், நீங்கள் எழுதும் குறிப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். காலி ஃபைலே இரண்டு எம்.பி.யைத் தாண்டும். இன்ஸ்டால் வேண்டாம், அக்கவுண்ட் வேண்டாம், சந்தாவும் கிடையாது. பிரவுசரில் திறந்தால் போதும். ஒவ்வொரு குறிப்புக்கும் டிட்லர் என்று பெயர். டிட்லர்களை லிங்க் போட்டு இணைக்கலாம், டேக் ஒட்டலாம், ஒன்றை இன்னொன்றுக்குள் கொண்டுவந்து காட்டலாம், ஃபில்டர் எழுதிப் பட்டியல் போடலாம். பழகியவர் கையில் அது ஆய்வேட்டுக் குறிப்பேடாகவும் இருக்கும், கடைக் கணக்காகவும் இருக்கும், சமையல் குறிப்பாகவும் இருக்கும்.

ஆபத்தும் அந்த ஒரே ஃபைலில்தான்.

ஒரு வலைப்பக்கம் உங்கள் கணினியில் கிடக்கும் ஃபைலைத் தன் இஷ்டத்துக்குத் திருத்த பிரவுசர் விடாது. விடவும் கூடாது, விட்டால் ஊரில் உள்ள திருட்டுப் பக்கமெல்லாம் உள்ளே கை வைக்கும். டிட்லிவிக்கியும் பிரவுசரின் கணக்கில் ஒரு வலைப்பக்கம்தான். ஆகவே வேறு ஏற்பாடு ஏதும் செய்யாமல் சேவ் பட்டனை அழுத்தினால், திறந்திருக்கும் ஃபைல் மாறாது. புதிய நகல் ஒன்று டவுன்லோட் ஃபோல்டரில் போய் விழும். அடுத்த முறை அழுத்தினால் இன்னொரு நகல், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று. அப்புறம் 2, 3, 4.

இப்போது ஒரு தொல்லியல் மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைலை டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறார். சாயங்காலம் முழுக்கக் கீழடி, கொற்கை, ஆதிச்சநல்லூர் என்று குறிப்பு எழுதி, நீங்கள் சொன்னபடியே சேவ் அழுத்துகிறார். மறுநாள் காலையில் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைலைத்தானே திறப்பார்? காலி. "சார், நேத்து எழுதினதெல்லாம் காணோம்!" என்று போன் வரும். வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வராவிட்டால், சரி போகட்டும் என்று அந்தக் காலி ஃபைலிலேயே மறுபடி எழுதத் தொடங்குவார். அதையும் சேவ் செய்வார். இப்போது டவுன்லோடில் இரண்டு நகல்; ஒன்றில் நேற்றையது, மற்றொன்றில் இன்றையது, முழுசாக எதுவும் இல்லை. எண் பெரிதாக இருப்பதே எல்லாம் அடங்கியது என்று நம்பி மற்றதை அழித்தாரோ, தொலைந்தது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதோடு இன்னொரு குழி. டிட்லிவிக்கியில் டிக் அடிக்க வேண்டிய இடம் இரண்டு. குறிப்பின் தலையில் இருக்கும் டிக்கை அழுத்தினால் அந்தக் குறிப்பு திறந்திருக்கும் பக்கத்தின் நினைவில் மட்டும் ஏறுகிறது. வலப்பக்கப் பட்டையில் இருக்கும் சேவ் பட்டனை அழுத்தினால்தான் ஃபைலுக்குப் போகிறது. முதல் டிக்கோடு நிறுத்திக்கொள்வது, கடிதத்தை எழுதி ஒட்டித் தபால்பெட்டியில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிவது மாதிரி. ஃபைலுக்குப் போகாத மாற்றம் இருக்கும்வரை அந்தப் பக்கப்பட்டை பட்டன் சிவப்பாக எரியும். புதியவருக்கு நீங்கள் சொல்லவேண்டிய முதல் வாக்கியமே இதுதான்: "சிவப்பாக இருக்கும்போது எழுந்து போகாதீர்கள்."

இதற்கு வழி இல்லாமல் இல்லை. டிட்லிடெஸ்க்டாப் என்று தனி மென்பொருள் இருக்கிறது. அதில் திறந்தால் அதே ஃபைலிலேயே சேவ் ஆகும், பழைய நகல்களையும் பேக்அப்பாக எடுத்துவைக்கும். டிமிமி என்று பிரவுசர் நீட்டிப்பு இருக்கிறது. அதற்குத் துணையாகக் கணினியில் இன்னொரு சிறு நிரலும் போடவேண்டும், அதை மறந்தால் வேலை செய்யாது. டிட்லிஹோஸ்ட்டில் அக்கவுண்ட் தொடங்கி இணையத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எதுவும் வேண்டாம் என்றால், டவுன்லோட் செய்யும்போது எங்கே வைக்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கும்படி பிரவுசர் அமைப்பை மாற்றி, அதே ஃபைலின் மேலேயே எழுதச் சொல்லலாம். புதியவருக்கு என் ஓட்டு டிட்லிடெஸ்க்டாப்புக்கு. யோசிக்கவேண்டிய இடங்கள் அதில்தான் குறைவு.

ஆனால் ஒரே வழியை நம்பி விட்டுவிடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸில் டிட்லிஃபாக்ஸ் என்ற நீட்டிப்பு இருந்தது. போட்டுவிட்டால் சேவ் பற்றிய கவலையே இல்லை. அதையே எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். 2017 நவம்பர் 14-இல் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தது. பழைய வகை நீட்டிப்புகள் அத்தனையும் அந்தப் பதிப்போடு நின்றன, டிட்லிஃபாக்ஸ் உட்பட. பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிற காலம். நேற்றுவரை ஆன சேவ் இன்று ஆகவில்லை. ஏன் என்று கேட்கவும் தெரியாதவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இப்போது நீங்கள் காட்டும் வழிக்கும் இதே கதி நேரலாம். ஆகவே இரண்டாவது வழி ஒன்றையும், பேக்அப்பிலிருந்து பழைய ஃபைலைத் திரும்ப எடுப்பதையும், உங்கள் கண்முன்னால் அவர் கையாலேயே செய்யவையுங்கள். அது முடிகிறவரை லிங்க், டேக் பற்றி வாயே திறக்காதீர்கள்.

ஒரே ஃபைலை இரண்டு டேப்களில் திறந்துவைப்பதும் விபரீதம். ஒவ்வொரு சேவும் முழு ஃபைலையும் எழுதுகிறது. கடைசியில் சேவ் செய்த டேப்பில் இருப்பதே நிற்கும், மற்றதில் எழுதியது போச்சு. வீட்டில் ஒரு கணினி, ஆபீஸில் ஒரு கணினி, நடுவே டிராப்பாக்ஸ் என்றாலும் இதே சிக்கல்தான். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் ரொம்ப உண்டு. அனுப்பிய ஒவ்வொன்றும் தனித்தனி நகல் என்று முதலிலேயே அடித்துச் சொல்லிவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு இருக்கும் கண்ணிகள் வேறு. ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தையைப் பெரிய எழுத்தில் தொடங்கி ஒட்டி எழுதினால், அந்த வசதி இயங்கும் ஃபைலில் தானாக லிங்க் ஆகிவிடும். நமக்குப் பெரிய எழுத்து ஏது? ஆகவே இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டே தீரவேண்டும். பாடப் பக்கங்களில் தானாக லிங்க் ஆவதைப் பார்த்துவிட்டுத் தமிழில் முயன்று, ஏதோ பழுது என்று விட்டுவிடுவார்கள். அடுத்தது வேற்றுமை உருபு. டிட்லரின் பெயர் 'கொற்கை'. வாக்கியத்தில் வருவதோ கொற்கையில், கொற்கையின், கொற்கைக்கு. அப்படியே அடைப்புக்குறி போட்டால் ஒவ்வொன்றும் இல்லாத டிட்லருக்கு லிங்க். [[கொற்கையில்|கொற்கை]] என்று எழுதவேண்டும்: முன்னால் கண்ணுக்குத் தெரியவேண்டியது, பின்னால் உண்மையான பெயர். இந்த ஒரு உத்தியை முதல் நாளே சொல்லாவிட்டால், ஒரு மாதத்தில் கொற்கை ஐந்தாறு டிட்லர்களாகச் சிதறிக் கிடக்கும்.

இதைவிட மோசமான ஒன்று கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் துளி வித்தியாசம் இருக்காது. கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொல். தட்டச்சு செய்த கொற்கையும் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய கொற்கையும் பொருந்தாமல் போவதற்கு இதுவும் காரணமாகலாம். இல்லாத டிட்லருக்குப் போகும் லிங்க் சாய்ந்த எழுத்தில் தெரியும். பக்கப்பட்டையில் 'மோர்' என்பதற்குள் 'மிஸ்ஸிங்' என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. வாரம் ஒருமுறை அதை எட்டிப்பார்க்கச் சொல்லுங்கள். டிட்லரின் பெயரை மாற்றும்போதும் கவனம்: மற்ற குறிப்புகளின் டேக்கை மாற்றவா என்று கேட்கும், உள்ளே எழுதிவைத்த லிங்குகளைத் தொடாது. அதற்கு ரீலிங்க் என்ற பிளகின் தேவை.

மார்க்டவுன் பழகியவர் என்றால் இன்னொரு தடுமாற்றம். அங்கே தலைப்புக்குப் போடும் # இங்கே எண்ணிட்ட பட்டியல் ஆகிவிடும். தலைப்புக்கு இங்கே ஆச்சரியக்குறி. வரியின் தொடக்கத்தில் தடித்த எழுத்துக்காக இரண்டு நட்சத்திரம் போட்டால் பட்டியலின் உள்வரிசை வந்து நிற்கும். தேடிப்பிடித்த உதாரணங்களையும் அப்படியே நம்பக்கூடாது. பழைய டிட்லிவிக்கிக்கு எழுதியவை ஐந்தாம் பதிப்பில் பல இடங்களில் ஓடாது. 2023-இல் வந்த 5.3.0-வில் சேர்ந்த புதிய முறைகள் அதற்கு முந்தைய ஃபைல்களில் ஓடாது.

இனி கற்றுக்கொடுப்பவரின் ஆர்வக்கோளாறு. ஒரு பட்டியல் எப்படிப் போடுவது என்று அவர் கேட்பார். நாம் ஃபில்டர், விட்ஜெட், டிரான்ஸ்குளூஷன் என்று ஒரு மணி நேரம் வித்தை காட்டுவோம். அவர் முகம் மாறுவதைக் கவனிக்கவே மாட்டோம். அவருக்கு வேண்டியது ஒரு டேக். அதைச் சொடுக்கினால் பட்டியல் தானாக வரும். வேலை முடிந்தது. அதற்குமேல் தேவைப்படுகிறவருக்கு, சோரன் பியார்ன்ஸ்டாட் எழுதிய 'கிராக் டிட்லிவிக்கி' என்ற இலவசப் பாடநூல் பயிற்சிகளோடு இருக்கிறது. ஆங்கிலத்தில்தான், டிட்லிவிக்கியிலேயே செய்யப்பட்டது.

அதைவிட ஆபத்தான தாராளம்: "நானே செட் பண்ணி வெச்சிருக்கேன், என் ஃபைலையே எடுத்துக்கோ." ஐயோ, வேண்டாம்! உங்கள் பிளகின்கள், நீங்கள் திருத்திய உள்ளமைப்புகள், பாதி எழுதிய வரைவுகள், எப்போதோ குறித்துவைத்த கடன் கணக்கு எல்லாம் அதோடு போகும். நீங்கள் அழித்ததாக நினைத்தவை உண்மையிலேயே அழிந்தனவா என்று தேடிப்பார்க்க யாருக்குப் பொறுமை? அவருக்கும் கேடுதான். ஏதாவது கோளாறு என்றால், டிட்லிவிக்கியின் குணமா உங்கள் கைவேலையா என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதிகாரபூர்வத் தளத்திலிருந்து காலி ஃபைலை அவரே இறக்கிக்கொள்ளட்டும்.

பிளகினுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இருக்கலாம். உள்ளே வந்துவிட்டால் உங்கள் எல்லாக் குறிப்புகளையும் அதனால் படிக்க முடியும். யார் எழுதியது என்று தெரியாததை இழுத்துப் போடக்கூடாது. படங்களையும் கண்டபடி உள்ளே போடவேண்டாம். எழுத்தாக மாறி மூன்றில் ஒரு பங்கு பருத்து அதே ஃபைலில் உட்காரும், சேவ் ஆமை வேகத்துக்கு வரும்.

பாஸ்வேர்டு போடும் வசதியும் உண்டு. போடாவிட்டால், யார் வேண்டுமானாலும் நோட்பேடில் திறந்து படித்துவிடலாம். ஆதார் எண், வங்கி விவரம் எழுதும் இடம் அது அல்ல. போட்டு மறந்தாலோ, மீட்டுத்தர யாரும் கிடையாது. போடுவதற்கு முன்னால் டவுன்லோட் ஃபோல்டரில் விழுந்த நகல்கள் பூட்டில்லாமலேயே கிடக்கும் என்பதையும் சொல்லுங்கள். டிட்லிஹோஸ்ட்டில் வைத்தால் தனக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்ற அமைப்பை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாக, கணினியே இல்லாமல் செல்போனில் மட்டும் எழுதுகிறவர்களை இதற்குள் இழுக்காதீர்கள். போன் பிரவுசரில் ஃபைல் திறக்கும், எழுதவும் விடும். எழுதியதை அதே ஃபைலில் சேவ் செய்யத் தனி ஆப் வேண்டும். சந்தைக்கணக்கும் டாக்டர் சொன்ன மாத்திரைப் பெயரும் குறித்துக்கொள்ள நினைக்கிற அத்தைக்குப் போனிலேயே இருக்கும் சாதாரணக் குறிப்பு ஆப் தாராளம். அவரிடம் போய் டிட்லர் என்று ஆரம்பிக்காதீர்கள்.